மீன் தொட்டிக்கு எளிய விலையில் ஒளி

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் இந்நாட்டில் புதியதன்று. பம்பாய் மெரீன் டிரைவில் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951ஆம் ஆண்டிலேயே பொதுமக்களுக்குத் திறந்து வைக்கப்பட்டது. பிற்காலத்தில் கண்ணாடித் தொட்டியின் விலை இறங்கியதால் நடுத்தரக் குடும்பங்களின் கூடங்களிலும் பள்ளிகளின் விஞ்ஞான அறைகளிலும் அது இடம் பெறலாயிற்று. கொல்கத்தாவில் காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும், சென்னையிலுள்ள கொளத்தூரின் கடைத்தெருவிலும் தொட்டி, சரளை, காற்றுப் பம்பு, நீர்ச்செடி, மீன் ஆகிய யாவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. விளக்கும் அங்கேயே கிடைக்கிறது. ஆனால் தொட்டி வாங்குவோர் பெரும்பாலும் ஆராயாமல் வாங்கும் பொருள் இவ்விளக்கேயாகும். கடைக்காரர் மூடியோடு சேர்த்துக் கொடுப்பதையோ, நீலமும் சிவப்புமாக மினுங்கும் குழலையோ வாங்கிச் செல்கின்றனர். ஒரு மாதத்தில் செடி அழுகுகிறது. அல்லது நீர் முழுதும் பச்சை நிறமாகிறது. அதற்கு மேலாக, 230 வோல்ட்டு மின்சாரம் தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில், சிறுவர்களின் கைக்கெட்டும் இடத்தில் தொங்குகிறது. பணத்தைக் காட்டிலும் இதுவே கவலைக்குரியது.

எல்.இ.டி. விளக்குகள் மலிந்துள்ள இக்காலத்தில் மீன் தொட்டிக்கெனத் தனியே விலையுயர்ந்த விளக்கு வாங்க வேண்டுவதில்லை. சாதாரண மின்பொருள் கடையில் விற்கும் 2 அடி நீளமுள்ள, 10 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் லைட் ஒன்றே பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குப் போதுமானது. இது ஏன் என்பதையும், எந்நிலையில் இது போதாது என்பதையும் அறிந்துகொண்டால், தம்மை நாடி வருவோருக்குக் களப்பணியாளரும் ஆசிரியரும் தெளிவாக விடை கூற இயலும்.

ஒளி யாருக்கு வேண்டும்?

முதலிற் கேட்க வேண்டிய கேள்வி இது. மீனுக்கு ஒளி வேண்டும் என்பது மேலோட்டமான கருத்து. மீனுக்கு வேண்டுவது பகலும் இரவும் முறையாக மாறி வருதலே. பகல் வெளிச்சம் ஓரளவு புகும் அறையில் விளக்கே இல்லாத தொட்டியிலும் மீன் நலமாக வாழும். உண்மையில் ஒளியைத் தேவையாகக் கொள்பவர் இருவர்: மீனைப் பார்த்து மகிழும் மனிதர் ஒருவர், ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நீர்ச்செடி மற்றொருவர். செடியே இல்லாது, சரளையும் பிளாஸ்டிக் அலங்காரமும் மட்டுமே உள்ள தொட்டியாயின் பார்வைக்கு 5 வாட் விளக்கே மிகுதி. அதற்கு மேல் செலுத்தும் ஒளி முழுவதும் பாசிக்கே உணவாகும்.

செடி வளர்ப்பதாயின் நிலைமை வேறு. எனினும் எல்லாச் செடிகளும் ஒரே அளவு ஒளியைக் கேட்பதில்லை. நம் குளங்களிலும் வாய்க்கால்களிலும் தாமாகவே வளரும் ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா ஆகியவை குறைந்த ஒளியிலும் பிழைத்துக்கொள்ளும். கிரிப்டோகோரைன் இனச் செடிகள் நிழல் மிகுந்த ஓடைக் கரைகளில் வாழ்பவை. இவ்வினத்தைச் சேர்ந்த சில நம் மேற்கு மலைத்தொடரின் ஓடைகளிலும் காணப்படுகின்றன. ஜாவா பெரணியும் அனுபியாஸும் மரத்துண்டிலோ கல்லிலோ கட்டி வளர்க்கப்படுபவை. இவையும் மிகுதியான ஒளியை நாடுவதில்லை. குறைந்த செலவில் தொட்டி அமைக்க விரும்புவோர் விளக்குக்கு ஏற்பச் செடியைத் தேர்ந்தெடுப்பதே முறை. செந்நிற இலைகளையுடைய செடிகளையும் தரையோடு புல்வெளி போலப் படரும் செடிகளையும் படத்திற் கண்டு ஆசைப்பட்டு வாங்குவோர், பின்னர் விளக்கின் மேல் விளக்காக வாங்கி, கரியமில வாயு உருளையும் வாங்கி, முடிவில் தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதைக் கடைக்காரர்கள் நன்கு அறிவர்.

வெள்ளை எல்.இ.டி. செயற்படும் விதம்

கண்ணுக்குப் புலனாகும் ஒளி தரும் எல்.இ.டி.யை 1962ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். அது சிவப்பொளி தந்தது. பளிச்சென்ற நீல ஒளி தருவதனைச் செய்ய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன. அதனைச் சாதித்த இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல எல்.இ.டி. இன்றி இன்றைய வெள்ளை விளக்கு இல்லை. ஏனெனில் கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி. உண்மையில் ஒரு நீல விளக்கேயாகும். அதன்மேல் மஞ்சள் நிறமான ஒளிர்பொருள் பூசப்பட்டுள்ளது. நீல ஒளியின் ஒரு பகுதியை அப்பூச்சு விழுங்கி, பச்சை முதல் சிவப்பு வரையுள்ள பரந்த ஒளியாக வெளிவிடுகிறது. எஞ்சிய நீலமும் இவ்வொளியும் கலந்து வெண்மையாகத் தோன்றுகின்றன.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விரும்பி ஏற்கும் என்பது பள்ளிப் பாடம். இதனைக் காட்டியே, செடிக்கென்று ஊதா நிறம் வீசும் விளக்குகள் கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. ஆனால் சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் 450 நானோமீட்டர் அளவில் நீலம் தாராளமாக உள்ளது. சிவப்பும் ஓரளவு உள்ளது. பச்சை ஒளியையும் இலை முற்றிலும் தள்ளிவிடுவதில்லை. அதில் கணிசமான பங்கைப் பயன்படுத்திக்கொள்கிறது. ஆகவே வெள்ளை விளக்கில் செடி நன்றாகவே வளரும். ஊதா விளக்கின்கீழ் மீனின் இயற்கை நிறம் மறைந்துவிடுவதோடு, இலையிற் படியும் பாசியும், மீனின் உடலில் தோன்றும் வெண்புள்ளி நோயும் எளிதிற் கண்ணுக்குப் படுவதில்லை. நோயை முதல் நாளே கண்டறிய விரும்புவோர் வெள்ளை விளக்கையே விரும்புவர்.

வெள்ளையிலும் பல சாயல்கள் உண்டு. அவை கெல்வின் என்னும் அலகாற் குறிக்கப்படுகின்றன. 3000 கெல்வின் மஞ்சட் சாயல் உடையது. 6500 கெல்வின் பகல் வெளிச்சத்தை ஒத்தது. நம் நாட்டுக் கடைகளில் 6500 கெல்வினே மிகுதியாகக் கிடைப்பதால் அதனையே வாங்கலாம். இது பார்ப்பவரின் விருப்பத்தைப் பொறுத்தது. செடிக்கு இரண்டும் உதவும்.

எவ்வளவு ஒளி?

ஒரு கேலனுக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கு இன்றும் சிலரால் கூறப்படுகிறது. குழல் விளக்குகளின் காலத்தில் அது தோராயமாகப் பொருந்தியது, எல்.இ.டி.க்கு அது பொருந்தாது. வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது தரும் ஒளியின் அளவன்று. ஒளியின் அளவை லூமென் என்னும் அலகு காட்டும். இழை எரியும் பழைய பல்பு ஒரு வாட்டுக்குச் சுமார் 12 முதல் 15 லூமென் தந்தது, நல்ல எல்.இ.டி. 100 லூமென் அளவில் தருகிறது.

நீளம் 60, அகலம் 30, உயரம் 30 சென்டிமீட்டர் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். இதன் முழுக் கொள்ளளவு 54 லிட்டர். நீர்ப் பரப்பு 0.18 சதுர மீட்டர். 10 வாட் டியூப் லைட் 1000 லூமென் தருவதாகவும், அதில் பாதியே நீரில் விழுவதாகவும் கொண்டால், நீர்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2,800 லூமென், அதாவது 2,800 லக்ஸ் கிடைக்கும். படிக்கும் மேசைக்கு 300 லக்ஸ் போதும் என்பர். இது அதைப்போல் ஒன்பது மடங்கு. உச்சி வெயிலோ ஒரு லட்சம் லக்ஸ் அளவு உடையது. அதனோடு ஒப்பிட இது அற்பம். செடிக்குப் பயன்படும் ஒளித்துகள்களின் கணக்கில் இதனைக் கூறுவதாயின், வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். எனவே நீர்ப் பரப்பில் 40 மைக்ரோமோல் அளவு ஒளி விழுகிறது. அடித்தளத்தில் இது குறைந்தாலும், மேலே கூறிய நிழல்விரும்பிச் செடிகளுக்கு அது போதும்.

தண்ணீர் ஒளியைக் குடித்துவிடும் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. கடலாழத்திற்கு அது மெய். ஓர் அடி ஆழமுள்ள தெளிந்த நீரில் சிவப்பொளிகூடப் பத்தில் ஒரு பங்கே இழக்கப்படுகிறது. சிறு தொட்டியில் ஒளியைத் திருடுபவை வேறு: மூடிக் கண்ணாடியில் படிந்த உப்பும் தூசியும், கலங்கல் நீர், மேலே மிதக்கும் செடிகள், பக்கவாட்டில் வீணாகச் சிதறும் கதிர்கள். சண்டைமீன் வளர்ப்போர் நீரில் இடும் நாட்டு வாதுமை இலைச் சருகு நீரைத் தேநீர் நிறமாக்கி நீல ஒளியை மறைக்கும். மூடியின் உட்புறத்துக்கு வெள்ளை வர்ணம் பூசுவது, இன்னொரு விளக்கு வாங்குவதைவிட மலிவான வழி. தொட்டியின் ஆழம் ஒன்றரை அடியைத் தாண்டினால் இரண்டு டியூப் லைட்டுகளை அருகருகே அமைத்தல் வேண்டும்.

கடையிற் பார்க்க வேண்டியவை

பெட்டியின்மேல் வாட், லூமென், கெல்வின் ஆகிய மூன்றும் அச்சிடப்பட்டிருக்கின்றனவா என முதலிற் பார்த்தல் வேண்டும். லூமென் குறிக்கப்படாத விளக்கைத் தவிர்ப்பதே நலம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவெண்ணையும் தேடிப் பார்க்க வேண்டும். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்திற்குப் பின்னர் எல்.இ.டி. பல்புகளின் விலை பெரிதும் இறங்கியது. தரமான விளக்கும் சாதாரணக் குடும்பத்தின் சக்திக்குள் வந்தது. ஆயினும் பெயரற்ற விளக்குகளும் சந்தையில் உள்ளன. 12 வாட் என எழுதி 5 வாட் மட்டும் எரிப்பவை அவற்றுள் உண்டு.

இதனை வீட்டு மின்மீட்டரைக் கொண்டே சோதிக்கலாம். மாணவர்களுக்கு நல்ல பயிற்சியும் ஆகும். இலக்க மீட்டரின் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை சிறு சிவப்பு விளக்கு சிமிட்டும் என்பது குறிக்கப்பட்டிருக்கும். அது 3,200 எனில், வீட்டிலுள்ள மற்ற யாவற்றையும் அணைத்துவிட்டுத் தொட்டி விளக்கை மட்டும் எரியவிட்டால், 10 வாட் விளக்குக்கு இரு சிமிட்டல்களுக்கு இடைப்பட்ட நேரம் ஏறக்குறைய 112 விநாடி இருத்தல் வேண்டும். இருமடங்கு நேரம் எடுத்தால் விளக்கு 5 வாட் மட்டுமே எரிக்கிறது எனப் பொருள். கைப்பேசியின் காமிராவை விளக்குக்கு நேரே காட்டினால் கருங்கோடுகள் ஓடுவதும் ஒரு சான்று. உள்ளே மின்னோட்டத்தைச் சமன்செய்யும் பகுதியைச் சிக்கனப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை அது காட்டும்.

செலவுக் கணக்கு மிக எளிது. 10 வாட் விளக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரம் எரிந்தால் 30 நாட்களில் 2.4 யூனிட். யூனிட்டுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் 14 ரூபாய் 40 காசு. முன்னாளில் மூடியினுள் மாட்டிய 60 வாட் பல்பு அதே நேரத்துக்கு 14.4 யூனிட் தின்றது. அன்றியும் நீரைச் சூடாக்கியது. கோடையில் இது சிறு விஷயமன்று. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் பிராணவாயுவைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் 7.6 மில்லிகிராமே. மீனின் தேவையோ வெப்பத்தோடு கூடுகிறது.

12 வோல்ட்டில் எரியும் நாடா விளக்கு, அதாவது ஸ்ட்ரிப், மற்றொரு மலிவான வழி. மின்னதிர்ச்சி பற்றிய அச்சம் இதில் குறைவு. ஒரு மீட்டருக்கு 14.4 வாட் எரிக்கும் நாடாவை 60 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தால் 8.6 வாட், அதற்கு 12 வோல்ட்டு, 1 ஆம்பியர் அடாப்டர் போதும். அடாப்டரைத் தரம் பார்த்து வாங்குதல் மிக முக்கியம். 230 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் பிரித்து நிறுத்தும் சுவர் அதுவே. நாடாவை அலுமினியப் பட்டையின்மேல் ஒட்ட வேண்டும். இன்றேல் தன் வெப்பத்தாலேயே அது விரைவில் மங்கும். எல்.இ.டி. வெப்பம் தராது என்பது பிழையான எண்ணம்; அது வெப்பத்தை ஒளியோடு முன்னே அனுப்பாமல் முதுகுப்புறமாக வெளிவிடுகிறது, அவ்வளவே. ஐ.பி. 65 எனக் குறித்தது நீர்த்தெறிப்பைத் தாங்கும். நீரில் மூழ்குவதை அன்று. ஐ.பி. 67 சிறிது நேர மூழ்கலைத் தாங்கும். தொடர்ந்து நீருக்குள் இருக்க ஐ.பி. 68 வேண்டும். வெட்டிய முனையிற் செம்பு வெளியே தெரியும். அதனைச் சிலிக்கோன் பசையால் மூட வேண்டும். அம்முனையில் பச்சை பூத்து நீரிற் சொட்டினால், செம்பு நத்தைக்கும் இறாலுக்கும் நஞ்சாகும்.

நீருக்குள்ளேயே இடும் வண்ணக் குழல்கள் பற்றி ஒரு சொல். அவற்றின் ஒளி செடிக்குப் போதாது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் நீர் உட்புகும். இரவெல்லாம் நீல ஒளி வீசும்படி அவற்றை எரியவிடுவது மீனின் ஓய்வைக் கெடுக்கும். நிலவொளி என்று பெயரிட்டு விற்பதால் அது நிலவாகிவிடாது.

மின்சாரமும் தண்ணீரும்

விளக்குக்கும் நீருக்கும் இடையே கண்ணாடி மூடி ஒன்று கட்டாயம் இருத்தல் வேண்டும். மீன் துள்ளும்போதும், காற்றுக் குமிழிகள் வெடிக்கும்போதும் தெறிக்கும் நீரை அது தடுக்கும். மின்கம்பி தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குச் செல்லலாகாது. பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பின்னர் மேலேறுதல் வேண்டும். கம்பி வழியே வழியும் நீர் அவ்வளைவின் அடியிற் சொட்டி விழுமேயன்றிப் பிளக்கை எட்டாது. உலோக மூடியாயின் எர்த் இணைப்பு இன்றியமையாதது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு பள்ளியின் இணைப்பிற் பொருத்தப்பட்டுள்ளதா என்பதைத் தலைமையாசிரியர் விசாரித்தறிதல் வேண்டும். தொட்டிக்குள் கைவிடும் முன் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

சாதாரண எல்.இ.டி. பல்பின் வெள்ளைக் குமிழை அறுத்தெடுத்து ஒளி கூட்டும் வழக்கம் சிலரிடம் பரவியுள்ளது. இது உயிருக்கு ஆபத்தானது. மலிவான பல்புகளில் மின்சுற்றுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் இடையே எவ்விதப் பிரிப்பும் இருப்பதில்லை. குமிழ் நீங்கிய தகட்டின்மேல் உள்ள ஒவ்வொரு புள்ளியும் முழு வோல்ட்டையும் தாங்கி நிற்கும். ஆசிரியர் இதனை மாணவர்க்கு வெளிப்படையாகவே எடுத்துரைத்தல் நலம்.

எரியவிடும் நேரம்

புதிய தொட்டியில் முதற் சில வாரங்கள் நாளொன்றுக்கு 6 மணி நேரம் போதும். செடி வேரூன்றிய பின் 8 மணி வரை உயர்த்தலாம். கண்ணாடியில் பச்சைப் புள்ளிகள் பெருகினால் மீண்டும் ஒரு மணி நேரம் குறைத்துப் பார்க்க வேண்டும். நீர் பச்சையாவதற்கு விளக்கை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. மிஞ்சிய இரையும், சன்னல் வழியே நேராக விழும் வெயிலும் அதற்குக் காரணமாகலாம். பள்ளியில் மணியடிக்கும் பணியாளரே விளக்கையும் ஏற்றி அணைக்கலாம். விடுமுறை நாட்களில் விளக்கு எரியாவிடினும் செடி இரண்டொரு நாள் தாங்கும். ஒழுங்கு வேண்டுவோர் நேரம் குறித்து அணைக்கும் டைமர் ஒன்றைப் பொருத்தலாம்.

மின்வெட்டு நேரும்போது விளக்கு அணைவதைக் கண்டு பதற வேண்டுவதில்லை. காற்றுப் பம்பு நிற்பதே தீங்கு. இருளில் செடிகளும் பிராணவாயுவை உட்கொள்வதால் செடி அடர்ந்த தொட்டியில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் திறந்து மூச்சுவிடும். மின்கலத்துக்குச் செலவிட விரும்பும் குடும்பம் அதனைப் பம்புக்கே செலவிடுதல் வேண்டும்.

2020ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் உதவி வகுக்கப்பட்டது. கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டிகளில் கப்பி, மோலி முதலிய குட்டி போடும் மீன்களை வளர்க்கும் மகளிர் குழுவினரிடம் செல்லும் களப்பணியாளர், அங்கு விளக்கே வேண்டாம் என்று சொல்லத் தயங்கலாகாது. வெளித் தொட்டிகளில் ஒளி மிகுதியே தொல்லை. நிழல்வலையே அங்கு வேண்டப்படுவது. விற்பனைக்காக மீனைக் காட்டும் கண்ணாடித் தொட்டி ஒன்றிரண்டுக்கு மட்டும் வெள்ளை விளக்கு அமைத்தால் போதும். இருட்டிலிருந்து திடீரென விளக்கைப் போட்டால் மீன் மிரண்டு கண்ணாடியில் மோதும். அறை விளக்கை முதலில் ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்துத் தொட்டி விளக்கை ஏற்றுவது நல்ல பழக்கம்.

ஆசிரியருக்கு இத்தொட்டி ஓர் ஆய்வுக்கூடமும் ஆகும். சோடா உப்பு ஒரு சிட்டிகை கரைத்த நீரில் ஹைட்ரில்லாக் கிளையைத் தலைகீழாக இட்டு, வெட்டுவாயிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ணச் செய்யலாம். விளக்கை 15, 30, 60 சென்டிமீட்டர் தூரங்களில் மாற்றி வைத்து எண்ணினால், தூரம் கூடக் குமிழிகள் குறைவது புலப்படும். தூரம் இருமடங்காயின் ஒளி நான்கில் ஒன்றாகும் என்னும் விதியை மாணவர் இங்கே எதிர்பார்ப்பர். ஆனால் நீண்ட டியூப் லைட்டின் அருகில் அது பொருந்தாது. அவ்விதி ஒரு புள்ளியிலிருந்து புறப்படும் ஒளிக்கே உரியது. சிறு எல்.இ.டி. டார்ச் ஒன்றையும் டியூப் லைட்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

பெட்டியில் 25,000 மணி நேரம் என அச்சிட்டிருப்பது, அவ்வளவு காலத்துக்குப் பின் ஒளி எழுபது விழுக்காடாகக் குறையும் என்னும் பொருளில் கூறப்படுவது. நாளொன்றுக்கு 8 மணி நேரக் கணக்கில் அது எட்டரை ஆண்டு. ஈரம் நிறைந்த தொட்டியின் மேல் விளக்கின் மின்சுற்று அதற்கு முன்பே பழுதாவதுண்டு. மூடியின் பின்புறத்தில் காற்றோட்டத்துக்குச் சில துளைகள் இட்டால் ஆயுள் நீளும். மூடிக் கண்ணாடியின் அடிப்புறத்தில் படியும் வெண்மையான உப்பை மாதம் ஒருமுறை வினிகரில் நனைத்த துணியால் துடைத்து, நன்னீரில் கழுவி உலர்த்திய பின்னரே மீண்டும் வைக்க வேண்டும். அதுவரை விளக்கின் பிளக்கு பிடுங்கியே இருக்கட்டும்.